மேலதிகாரியை எச்சரித்த கணினி

கணினி ஒன்று தன் மேலதிகாரியை எச்சரித்துவிட்டது என்பதுதான் குற்றச்சாட்டு. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது அன்புக்கரசிக்கு. கணினியால் கையெழுத்துப் போட்டுக் குறிப்பாணையைப் பெற்றுக்கொள்ள முடியாது என்பதால், அதை இயக்குகிறவள் பெற்றுக்கொள்வதே முறை என்று கோப்பில் எழுதியிருந்தார்கள்.

கோவை உக்கடத்தில், குளத்துக் காற்று மட்டும் தாராளமாக வந்துபோகிற மூன்று மாடிக் கட்டடத்தில் இருக்கிறது வீட்டுமனை ஆவணக் காப்பு வாரியம். நிலமில்லாத பண்ணைக் கூலிகளுக்கு ஒரு காலத்தில் அரசு கொடுத்த மூன்று சென்ட், நான்கு சென்ட் மனைகளின் காகிதங்களைக் காப்பதற்கென்றே பிறந்த வாரியம். காப்பதில் அதற்கு இருந்த ஆர்வத்தைக் குறை சொல்ல முடியாது. நாற்பத்தோராயிரம் குடும்பங்களின் காகிதங்களையும் ஸ்கேன் செய்து ஒரு லினக்ஸ் சர்வரில் ஏற்றிவிட்டு, அசல் காகிதங்களை லாரி லாரியாகக் காகித ஆலைக்குக் கூழாக்க அனுப்பிவைத்தது. வழியனுப்பு விழாவில் இயக்குநர் செங்கோடன் பேசினார். "காகிதத்தைக் கரையான் திங்குமுங்க. கம்ப்யூட்டரைக் கரையான் திங்காதுங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்புக்கரசி அங்கே ஒப்பந்த சிஸ்டம் ஆபரேட்டர். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை அவளை வேலையிலிருந்து நீக்கி, ஒரு நாள் வீட்டில் உட்காரவைத்து, மறுபடியும் எடுத்துக்கொள்வார்கள். அவளுடைய அப்பா மாசாணத்தின் மனையும் அந்த நாற்பத்தோராயிரத்தில் ஒன்று. தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் மூன்று சென்ட். பக்கத்துத் தோப்பை வாங்கி மனை பிரித்து விற்கும் கம்பெனி ஒன்று அந்த மூன்று சென்ட்டையும் தன்னுடையது என்று சொல்லி வேலிக்கல் நட்டுவிட்டது. கார்த்திகை மாதக் கடைசி வியாழக்கிழமை தாலுகா அலுவலகத்தில் விசாரணை. வாரியத்தின் முத்திரையோடு நகல் கொண்டுபோனால் வீடு மாசாணத்துக்கு, இல்லாவிட்டால் கம்பெனிக்கு. வீட்டில் இருந்த காகிதம் என்ன ஆயிற்று என்றால், போன வருடம் ரேஷன் அரிசிக்காகச் சுவரை இடித்த யானை, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருந்த தகரப்பெட்டியையும் மிதித்துவிட்டுப் போனது. அன்றைக்கு ராத்திரி மழை வேறு.

மாசாணம் நகல் கேட்டு ஆவணியிலேயே மனுக் கொடுத்துவிட்டார். ஆனால் அவர் ஊழியரின் தகப்பனார். அவருக்குச் சலுகை காட்டவில்லை என்பதை உறுதிசெய்யும் பொருட்டு, அவர் மனுவை வரிசையின் கடைசியில் வைக்கும்படி விதி சொன்னது. புதிதாக யார் மனுக் கொடுத்தாலும் அவர் மாசாணத்துக்கு முன்னால் போய்விடுவார். மூன்று மாதமாக மாசாணம் கடைசியிலேயே இருந்தார்.

சர்வரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பத்திரங்களைச் சேமித்து வைக்க அதில் ஹார்ட் டிஸ்க் என்கிற வட்டுகள் இரண்டு. ஒன்றில் எழுதுவதை மற்றதும் அப்படியே எழுதிக்கொள்ளும். இரண்டையும் ஒரே குழுவாகக் கட்டி வைக்கிற ஏற்பாட்டுக்கு லாஜிக்கல் வால்யூம் என்று பெயர். ஒரு வட்டு போனாலும் இன்னொன்று தாங்கும். ஒன்று போய்விட்டது, சீக்கிரம் கவனியுங்கள் என்று சொல்வதற்காகத்தான் சர்வர் கிளம்பும்போது எச்சரிக்கை காட்டும். மற்ற ஊர்களில் சர்வரை அணைக்கவே மாட்டார்கள். இங்கே ஐந்தே முக்காலுக்கு எல்லோரும் வீட்டுக்குப் போகும்போது அது மட்டும் எதற்கு விழித்திருக்க வேண்டும் என்று செங்கோடன் கேட்டதால், தினமும் அணைத்து, தினமும் பத்து மணிக்குக் கிளப்பினார்கள். கிளம்புவதை மக்கள் பார்க்கட்டும், வெளிப்படைத்தன்மை என்று சொல்லி, கூடத்தில் ஒரு பெரிய டிவியை வாங்கி மாட்டி அதில் இணைத்தும் விட்டார்கள்.

ஆயுத பூஜை முடிந்து அலுவலகம் திறந்த காலையில், கூடத்தில் நூறு பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்க, டிவியில் கொட்டை எழுத்தில் 'வார்னிங்' என்று வந்தது. குழுவில் ஒரு சாதனத்தைக் காணவில்லை என்று அதற்குக் கீழே ஆங்கிலத்தில் இருந்தது. கீழே இருந்ததை யாரும் படிக்கவில்லை.

செங்கோடன் அன்புக்கரசியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏனுங்க அம்மணி, அது ஆருக்கு ஆரு குடுத்த வார்னிங்?"

"சர்வர் நமக்குச் சொல்லுதுங்க சார். ஒரு டிஸ்க்கைக் காணோமுன்னு."

"நமக்குன்னா? இந்த ஆபீசுக்குத் தலை ஆரு?"

"நீங்கதானுங்க."

"முப்பத்திரண்டு வருச சர்வீஸ்ல நான் ஒரு வார்னிங் வாங்குனதில்லீங்க. ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருக்குது. நூறு சனத்துக்கு முன்னால டிவியில போட்டு எனக்கு வார்னிங் குடுக்குதுன்னா, அதுக்கு அந்த அதிகாரத்தைக் குடுத்தது ஆருங்க?"

கண்காணிப்பாளர் தாஜுன்னிசா பக்கத்தில் நின்றிருந்தார். வாரியத்தின் விதிப் புத்தகத்தை மூன்று முறை டைப் அடித்தவர். "எச்சரிக்கைங்கறது மேல இருந்து கீழதான் வரோணும்மா" என்று தன்மையாகவே சொன்னார். "கீழ இருந்து மேல போனா அதுக்குப் பேரு மனு. இது மனுவா இருந்தா படிவத்துல வரட்டும். டிவியில வரக்கூடாது."

இப்படித்தான் குறிப்பாணை வந்தது. அன்புக்கரசி உட்கார்ந்து உண்மையையே பதிலாக எழுதினாள். காணாமல் போன வட்டு எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மட்டுமல்ல, அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆயுத பூஜையன்று ஸ்டேப்ளர், முத்திரை, காகிதத் துளையிடும் கருவி எல்லாவற்றையும் மேசையில் பரப்பிச் சந்தனம் குங்குமம் வைத்தபோது, சர்வரையும் வைக்க வேண்டும் என்று செங்கோடன் சொன்னார். சர்வர் ஆளுயர இரும்பு அலமாரி. அதைத் தூக்கிவர முடியாததால், அதன் சார்பில் ஒன்று இருந்தால் போதும் என்று ஒரு வட்டைத் தட்டோடு உருவி எடுத்துவந்து வைத்தார்கள். அன்றைக்கு அன்புக்கரசி, நீக்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டிய அந்த ஒரு நாளில் இருந்தாள். பூஜை முடிந்ததும் ஸ்டேப்ளர் ஸ்டேப்ளரின் இடத்துக்குப் போனது. வட்டை எங்கே செருகுவது என்று யாருக்கும் தெரியவில்லை. செங்கோடன் அதைத் தன் அறையின் சாமிப் படங்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

பதிலைப் படித்த தாஜுன்னிசா முகம் வெளுத்தார். "காணாமப் போன சாமான் டைரக்டர் ரூம்ல இருக்குதுன்னு எழுதினா, எடுத்தது டைரக்டர்னு ஆகிப்போகும்மா." அவரே பேனாவை எடுத்து, 'மேற்படி சாதனம் அலுவலக வளாகத்தினுள் இறைவன் பொறுப்பில் உள்ளது' என்று திருத்தினார்.

அன்புக்கரசி நேரிலேயே போய்க் கேட்டாள். ஒரு நிமிட வேலைதான், அதை இருந்த இடத்தில் செருகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள்.

செங்கோடன் சாமி அலமாரியைப் பார்த்தார். வட்டின் நெற்றியில் குங்குமமும் கழுத்தில் முல்லைச் சரமும் இருந்தன. "சாமிக்கு வெச்சதைத் திரும்ப எடுக்கறதுங்களா?" என்றார். "இது இங்க வந்த மறுநாள் எனக்கு வந்த டிரான்ஸ்பர் ஆர்டர் கேன்சல் ஆச்சுங்க. ஆடிட் பார்ட்டி வந்து காப்பி குடிச்சுப்போட்டு ஒண்ணுஞ் சொல்லாமப் போனாங்க. உள்ள இருந்து ஓடறப்ப இது இந்த ஆபீசுக்கு என்னத்தப் பண்ணுச்சு சொல்லுங்க."

"உள்ள இருக்கறது ஒண்ணுதானுங்க சார். அதுவும் போச்சுன்னா அத்தனை பேரு பத்திரமும் போயிருமுங்க."

"ஒண்ணுல ஓடுதல்ல?"

"ஓடுதுங்க."

"அப்பறம் எதுக்குங்க ரெண்டு?"

புது வட்டு வாங்கித் தரும்படி எழுதிக் கேட்டாள். பழைய வட்டு பழுதானது அல்லது தொலைந்தது என்ற சான்று இல்லாமல் புதியது வாங்க முடியாது. பழுதாகவில்லை, வெள்ளிதோறும் பூஜை வாங்கிக்கொண்டு நன்றாக இருக்கிறது. தொலையவில்லை, இறைவன் பொறுப்பில் உள்ளது. கோப்பு திரும்பி வந்தது.

அப்படியானால் இருப்பதையாவது வேறோர் இடத்தில் நகல் எடுத்து வைக்க அனுமதி கேட்டாள். நகல் என்ற சொல்லைக் கண்டதும் தாஜுன்னிசாவின் முகம் மலர்ந்தது, ஏனென்றால் அதற்கு விதி இருந்தது. நகல் வேண்டுவோர் ஆவணம் ஒன்றுக்குப் படிவம் ஏழில் ஒரு மனு கொடுக்க வேண்டும். அன்புக்கரசி நாற்பத்தோராயிரம் மனுக்கள் கொடுத்தால் பரிசீலிப்பதில் வாரியத்துக்குத் தடை ஏதும் இல்லை. திருட்டுத்தனமாக எடுக்கவும் வழியில்லை. பாதுகாப்புக்காக சர்வரின் பென்டிரைவ் ஓட்டைகளை எல்லாம் அரக்கு உருக்கி அடைத்திருந்தார்கள். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படிவங்களை நிரப்பத் தொடங்கினாள். நானூற்றுச் சொச்சம் நிரப்பியபோது படிவம் தீர்ந்துவிட்டது. புதிதாக அச்சடிக்க ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும் என்றார்கள்.

டிவியில் மட்டும் தினமும் பத்து மணிக்கு வார்னிங் வந்துகொண்டிருந்தது. அதைத் தீர்க்க ஒரு குழு அமைந்தது. குழுக் கூட்டத்தில் செங்கோடன் நீண்ட உரை ஆற்றினார்.

"நம்மூருக்குன்னு ஒரு மரியாதை இருக்குதுங்க. கண்டக்டர் கூட 'எறங்குங்க'ம்பான். பிச்சை கேக்கறவங்க கூட 'குடுங்க'ம்பாங்க. இந்த மெஷினு பாருங்க, வந்து நின்னதும் மூஞ்சில அடிச்சாப்பல வார்னிங்குது. சங்கதி என்னன்னு நான் கேக்கலீங்க. சங்கதி எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டும். சொல்ற முறைன்னு ஒண்ணு இருக்குதல்ல? நெருப்புப் புடிச்சாலும் 'ஏனுங்க, சித்தே பாருங்க, எரியறாப்பல இருக்குது'ன்னு சொல்லோணும். முப்பத்திரண்டு வருசமா இந்த ஆபீசுல எத்தனையோ தப்பு நடந்திருக்குது. ஒருத்தர் ஒருத்தரை மரியாதைக் குறைவாப் பேசுனதில்லீங்க."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 'வார்னிங்' என்பதை நீக்கி 'தகவலுங்க' என்று போட வேண்டும். 'காணவில்லை' என்பது அமங்கலம். 'வெளியில் சென்றுள்ளதுங்க' என்று இருக்கலாம். அன்புக்கரசி மாற்றிக் கொடுத்தாள். மறுநாள் காலை, தகவலுங்க, குழுவில் ஒரு சாதனம் வெளியில் சென்றுள்ளதுங்க என்று டிவியில் வந்ததைப் படித்த போத்தனூர்க்காரர் ஒருவர், "வெளிய போயிருக்குதாமா, வந்துரும், இருப்போம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டுச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்.

கார்த்திகை பிறந்ததும் இரண்டாவது வட்டு முனகத் தொடங்கியது. படிக்க முடியவில்லை, எழுத முடியவில்லை என்று புதுப் புதுச் செய்திகள் வந்தன. எல்லாம் தகவலுங்க, தகவலுங்க என்று திரை முழுக்க மரியாதையாக ஓடின. அன்புக்கரசி கோப்பு எதையும் எடுத்துக்கொள்ளாமல் இயக்குநர் அறைக்குள் ஓடினாள்.

"சார், லாஜிக்கல் வால்யூம் மொத்தமும் போற நெலமையில இருக்குதுங்க. இன்னைக்கே ஏதாச்சும் பண்ணோணுமுங்க."

"வால்யூம்தானுங்களே" என்று செங்கோடன் எழுந்து வந்து, கூடத்து டிவியின் ரிமோட்டை எடுத்து, ஒலியைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தார். செய்திகள் நிற்கவில்லை. பிறகு அன்றைக்கே ஆணை பிறந்தது: சர்வர் கிளம்பும்போது எந்தச் செய்தியும் காட்டக் கூடாது. கூடத்து டிவியில் இனி வாரியத்தின் சின்னமும் 'நல்வரவு' என்ற சொல்லும் மட்டுமே இருக்க வேண்டும். அதை டிவியிலேயே பென்டிரைவ் செருகிப் போட்டுக்கொள்ளலாம்.

"நான் எழுதித்தான் குடுக்கோணுமுங்க, இது ஆபத்துன்னு" என்றாள் அன்புக்கரசி.

"குடுங்க அம்மணி. ஆருக்குக் குடுப்பீங்க?"

அவள் செங்கோடனுக்குத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தாள். கீழிருந்து மேலே எச்சரிக்கை வழங்க இயலாது என்ற குறிப்போடு அது அவளிடமே திரும்பி வந்தது. பூஜைக்குப் பின் புதுப்பித்த அவளுடைய ஒப்பந்தத்தில் இயக்குநர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று தாஜுன்னிசா காதில் சொன்னார். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அன்புக்கரசி செய்திகளை அணைத்தாள். அணைத்த கையை அன்றைக்கு முழுக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

இருபது நாள் நிம்மதியாகப் போயிற்று. எச்சரிக்கை ஒன்றுகூட இல்லாத அலுவலகம் என்று தலைமையகத்திலிருந்து பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அதை வழங்கும் விழா நடந்த திங்கட்கிழமை காலை சர்வர் கிளம்பவில்லை. கூடத்தில் வாரியச் சின்னம் பளிச்சென்று நல்வரவு கூறிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மேடையில் செங்கோடன், பிரச்சினையைத் தீர்ப்பது நிர்வாகமல்ல, பிரச்சினை காதுக்கு வராமல் பார்த்துக்கொள்வதே நிர்வாகம் என்று எழுதிவைத்துப் படித்துக்கொண்டிருந்தபோது, சர்வர் அறையில் அன்புக்கரசி தரையில் உட்கார்ந்து தனக்குத் தெரிந்த கட்டளைகளை எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டாள். வட்டு உள்ளே டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் அதுவும் நின்றது.

அப்போதுதான் அவளுக்குச் சாமி அலமாரி நினைவுக்கு வந்தது. ஆயுத பூஜை வரைக்குமான அத்தனை பத்திரமும் அந்த வட்டில் இருக்கிறது. அப்பாவின் மூன்று சென்ட் முப்பது வருடத்துப் பழைய மூன்று சென்ட், கட்டாயம் இருக்கும். இந்த ஆட்களின் பக்தி அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எல்லோரும் மேடையில் இருந்தார்கள். அனுமதி கேட்காமல் இயக்குநர் அறைக்குள் போய் வட்டைக் கையில் எடுத்தாள். கனமாக இருந்தது. சாய்த்ததும் சின்னத் துளை ஒன்றிலிருந்து வெள்ளையாக ஒரு சொட்டு அவள் மணிக்கட்டில் விழுந்தது. புளித்த பால் நாற்றம்.

வாசலில் தாஜுன்னிசா நின்றிருந்தார். அவரும் ஏதோ சந்தேகப்பட்டு வந்திருக்க வேண்டும். "கார்த்திகைச் சோமவாரத்துக்கு சார் அதுக்கு அபிஷேகம் பண்ணினாரும்மா" என்றார். "பாலு, தயிரு, பன்னீரு. நான் வேண்டாமுங்கன்னுதான் சொன்னேன். அபிஷேகத்துக்கு எதிரா விதி ஏதும் இல்லை."

வட்டின் இணைப்பு முனையில் சந்தனம் சிமெண்டாய் இறுகியிருந்தது. அவள் அதைச் சுரண்டி, துடைத்து, செருகியும் பார்த்தாள். உயிர் வரவில்லை; செருகாமல் இருந்திருந்தாலும் ஒன்றுதான்.

அன்று மாலையே அன்புக்கரசிக்கு இன்னொரு குறிப்பாணை வந்தது. சர்வர் பழுதாகக்கூடும் என்பதை அறிந்திருந்தும் மேலதிகாரியை முன்கூட்டி எச்சரிக்கத் தவறியது ஏன் என்று மூன்று நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். கூடவே, விளக்கம் முடிவாகும் வரை மனு வாங்கும் கவுண்டரில் உட்காரும்படி ஆணை.

நகல் கேட்டு வருகிறவர்களுக்கு என்ன சொல்வது என்று குழு இரண்டு மணி நேரம் கூடிப் பேசியது. அழிந்துவிட்டது என்று எழுதினால் அழித்தது யார் என்ற கேள்வி வரும். கடைசியில் தாஜுன்னிசாதான் வாசகத்தை அமைத்தார். வட்ட முத்திரையும் இயக்குநர் கையொப்பமும் சேர்த்து நாற்பத்தோராயிரம் சீட்டுகள் அச்சடிக்கப்பட்டன. அவற்றுக்கு ஒப்பந்தப்புள்ளி தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை மாசாணம் வந்தார். கொடுக்க இனி நகலே இல்லை என்றானதும் மனுக்களின் முன்பின் வரிசையும் இல்லாமல் போனது. அன்றைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் உடனுக்குடன் சீட்டுக் கிடைத்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மகளைக் கண்டதும் அவர் சுற்றும் முற்றும் பார்த்தார், தெரிந்தவர் மாதிரிக் காட்டிக்கொள்ளலாமா என்று. அவள் சீட்டைத் தடுப்பின் ஓட்டை வழியாக நீட்டினாள். அவள் கையால் அவருக்குக் கொடுக்க விதி அனுமதித்தது அவ்வளவுதான்.

மாசாணம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கூடியவர். சீட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி, உதட்டை அசைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். 'தங்கள் ஆவணம் எவராலும் வெளியே எடுக்க இயலாதவாறு வாரியத்தின் நிரந்தரப் பாதுகாப்பில் உள்ளது.'

இரண்டாவது முறையும் படித்தார். முகம் மெல்லத் தெளிந்தது.

"எவராலும்னா, அந்தக் கம்பெனிக்காரனாலயும் எடுக்க முடியாதல்ல கண்ணு?"

"முடியாதுங்கப்பா."

"எத்தனை பெரிய ஆளா இருந்தாலும்?"

"யாராலயும் முடியாதுங்கப்பா." சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். "அப்பா, இது போதாதுங்க. தாசில்தாரு நகலைத்தான் கேப்பாரு."

"சீல் இருக்குது, கையெழுத்து இருக்குது" என்று அவர் அவளுக்கு ஆறுதல் சொன்னார். "கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்குது, பத்திரமா இருக்குதுன்னு. இதுக்கு மேல என்ன வேணும்? ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல தெரியுமா. உங்கம்மாகிட்ட இப்பத்தான் நான் நல்ல வார்த்தை சொல்லப்போறேன்."

பின்னால் நின்றவர் டோக்கனைக் கண்ணாடியில் தட்டினார். அன்புக்கரசி அடுத்த சீட்டை எடுத்து நீட்டினாள்.

கால் மணி நேரம் கழித்து மாசாணம் மறுபடியும் வந்து, வரிசைக்குப் பக்கவாட்டில் நின்று, கையில் இருந்ததைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார். எதிர்க்கடையில் லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இனி மழை பெய்தாலும், மிதிபட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சைகையில் சொன்னார். அவள் தலையாட்டினாள். அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, வியாழக்கிழமை விசாரணைக்குப் போட்டுக்கொண்டு போகச் சட்டை தேய்க்க வேண்டும் என்று பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தார்.